கச்சான் காற்றில் பெய்ட்காஸ்டிங் ரீல்: பிரேக்கைத் திருத்திப் பழகிய நெடுநாள் அனுபவம்

தூண்டில் கம்பின் (ராட்) மேல் அமர்ந்து, வீசும்போது லைன் சுற்றிய உருளையே (ஸ்பூல்) சுழலும் மீன்பிடி ரீல்தான் பெய்ட்காஸ்டிங் ரீல். அதில் லைன் சிக்குவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுதான். வீசிய லூர் (செயற்கை இரை) லைனை இழுத்துச் செல்லும் வேகத்தைவிட ஸ்பூல் கூடுதல் வேகத்தில் சுழன்றால், வெளியேற வழியில்லாத லைன் ஸ்பூலின் மேலேயே வளையம் வளையமாக எழும்பிப் பின்னிக்கொள்கிறது. இதைத் தடுக்க நம் கையில் இருப்பவை மூன்று: கைப்பிடிப் பக்கத்து டென்ஷன் திருகு, எதிர்ப்பக்கத்து பிரேக், கட்டைவிரல். மையவிலக்கு பிரேக் கொண்ட ஒரு ரீலையும் காந்த பிரேக் கொண்ட இன்னொன்றையும் பாம்பன், மண்டபம், தனுஷ்கோடிக் கரைகளில் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. டென்ஷன் திருகை ஒருமுறை சரியாக வைத்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும். காற்றுக்கும் லூருக்கும் ஏற்ப மாற்ற வேண்டியது பிரேக் மட்டுமே.

பழகுபவர்களுக்குப் பொதுவாகச் சொல்லித்தரப்படும் முறை வேறு. லூரைத் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அழுத்தினால் அது மெல்ல இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும், அதுவரை திருகை இறுக்குங்கள் என்பார்கள். தொடக்க நாட்களுக்கு அது நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்தத் திருகு ஸ்பூல் அச்சின் முனையை அழுத்தி உராய்வை உண்டாக்குகிறது. அந்த உராய்வு ஸ்பூல் வேகமாகச் சுழல்கிறதா, மெதுவாகச் சுழல்கிறதா என்று பார்ப்பதில்லை. வீச்சின் தொடக்கத்துக்குத் தேவையான அளவு இறுக்கினால், லூர் தளர்ந்து செல்லும் கடைசிக் கட்டத்திலும் அதே அளவு பிடித்து இழுத்து, தூரத்தைத் தின்றுவிடும். ஸ்பூலை இரு விரல்களால் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கும்போது டக் டக் என்ற ஆட்டம் எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கேயே திருகை விட்டுவிடுவது என் வழக்கம்.

பிரேக்கின் இயல்பைப் புரிந்துகொள்ள ஒரு வீச்சை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லூர் ராடை விட்டுக் கிளம்பும் கணத்தில்தான் அதன் வேகம் மிக அதிகம். அதன்பின் காற்றின் தடையால் அது குறைந்துகொண்டே வர, ஸ்பூலோ ஏறிய வேகத்தை விட மனமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே சிக்கு விழும் இடங்கள் மூன்று: கிளம்பிய உடனே, நடுவானில், லூர் நீரைத் தொடும்போது. மையவிலக்கு பிரேக்கில் சிறு பிளாஸ்டிக் கட்டைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு வளையத்தின் சுவரில் உரசுகின்றன. சுழற்சி வேகம் 2 மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்காகும். எனவே அது முதல் கணத்தை நன்றாகக் காக்கிறது, ஆனால் வேகம் குறையக் குறையப் பிடியைச் சட்டென்று விட்டுவிடுகிறது. காந்த பிரேக்கில் காந்தம் அலுமினிய ஸ்பூலைத் தொடுவதே இல்லை. சுழலும் உலோகத்தில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டமே எதிர்விசையாகிறது; அது வேகத்துக்கு நேர்விகிதத்தில் மட்டுமே குறைவதால் நடுவானிலும் ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வேறுபாடு நம் கரையில் ஏட்டளவில் நிற்பதில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் பாம்பனின் தென்கடலை (மன்னார் வளைகுடா) நோக்கி வீசினால் காற்று முகத்தில் அறையும். லூர் கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது, பாதித் தூரத்தில் யாரோ பின்னால் இழுத்ததுபோல் நின்றுவிடும். மையவிலக்கு ரீல் அந்த இடத்தில்தான் கைவிடுகிறது. கூடுதல் கட்டைகளை இயக்கினால் சிக்கு குறைகிறது, ஆனால் தொடக்க வேகமும் சேர்ந்து போய்விடுகிறது. காந்த ரீலில் வெளிப்பக்கத்து வட்டத் திருகை இரண்டு மூன்று எண்கள் கூட்டினால் போதும், பக்கத் தகட்டைத் திறக்க வேண்டியதில்லை. கைத்தூண்டிலோடு வந்து நிற்கும் ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் எளிய விடை வைத்திருக்கிறார்கள்: “கச்சான் ஏறுது தம்பி, வடகடல் பக்கம் போயிருங்க.” உண்மைதான். சிறிது தூரம் நடந்து பாக் நீரிணையைப் பார்த்து நின்றால் அதே காற்று முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அப்போது மையவிலக்கு ரீலை இரண்டே கட்டைகளோடு வீசினால், காந்த ரீல் எட்டாத தூரத்தை அது எட்டுகிறது. மழைக்காலத்து வாடையில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். கட்டைகளை எப்போதும் எதிரெதிர் ஜோடியாகவே இயக்க வேண்டும். ஒற்றையாக விட்டால் ஸ்பூல் அதிர்கிறது.

லூரின் எடையை மட்டும் பார்த்து பிரேக்கை முடிவு செய்வதும் போதாது. பாறை மீனுக்காக வீசும் 30 கிராம் உலோக ஜிக் லூரும் அதே எடையுள்ள பாப்பர் லூரும் ஒரே அமைப்பில் ஓடுவதில்லை. ஜிக் காற்றைக் கிழித்துச் செல்லும். அகன்ற வாயுடைய பாப்பர் புரண்டு புரண்டு பறந்து வேகத்தை இழக்கும். ஜிக்கைக் கழற்றிப் பாப்பரைக் கட்டும்போதே காந்தத் திருகைக் கூட்டிவிடுவது என் கைக்குப் பழகிவிட்டது. புதிய லூரோ புதிய காற்றோ எதுவானாலும் அதிக பிரேக்கில் தொடங்கி, ஸ்பூலின் மேல் லைன் லேசாகப் பூத்து அடங்கும் நிலை வரும்வரை ஒவ்வோர் எண்ணாகக் குறைப்பதே நல்லது. லைன் சற்றும் பூக்கவில்லை என்றால் தூரம் வீணாகிறது என்று பொருள்.

மூன்றாவது இடமான நீரைத் தொடும் கணத்துக்கு எந்த பிரேக்கும் பொறுப்பேற்காது. அது கட்டைவிரலின் வேலை.

அப்படியும் சிக்கு விழும். கண்டபடி வளையங்களைப் பிடித்து இழுக்காமல், கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டு, கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பட்டனை அழுத்தி லைனை உருவினால் பெரும்பாலான சிக்குகள் அவிழ்ந்துவிடும். மேற்சுற்றுகள் அழுத்தப்படும்போது அடியில் மாட்டிய வளையம் நழுவிவிடுவதே காரணம். இன்னொரு முன்னேற்பாடும் உண்டு. நீண்ட வீச்சுக்குரிய லைனுக்கு மேல் சில மீட்டர் கூடுதலாக உருவி வைத்துக்கொண்டு, ஸ்பூலில் எஞ்சியிருப்பதன்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டுத் திரும்பச் சுற்றினால், எவ்வளவு மோசமான சிக்கும் டேப்புக்குக் கீழே இறங்காது. பெரிய மீன் அதைத் தாண்டி ஓடினால் டேப் பிய்ந்து வந்துவிடலாம் என்பதால், பழகும் காலத்துக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் எந்த ரீலையும் மதிப்பிட முடியாது. மையவிலக்கு பிரேக்கின் வளையத்தில் உப்புப் படிந்தால் முந்தின நாள் பொருந்திய அமைப்பு மறுநாள் பொருந்தாது. அங்கே எண்ணெய் பட்டாலோ கட்டைகள் வழுக்கி பிரேக்கே இல்லாததுபோல் ஆகிவிடும். எண்ணெய் பேரிங்குக்கு மட்டும், அதுவும் ஒரு சொட்டு. கரையோர ஊர்கள் பலவற்றில் நிலத்தடி நீரே உப்பு என்பதால் குடிநீர்க் கேனிலிருந்துதான் கழுவுகிறேன். வீட்டில் இதற்குக் கிடைக்கும் பேச்சு தனி. மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய தாரையில் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே டிராக்கைத் தளர்த்த வேண்டும். தனுஷ்கோடி மணலில் நின்றுகொண்டு பக்கத் தகட்டைத் திறக்கவே கூடாது.

இவ்வளவும் பார்த்தபின், இந்தக் கரைக்கென ஒரே ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்குபவருக்கு, வெளியிலிருந்தே மாற்றக்கூடிய காந்த பிரேக் உள்ளதையே சொல்வேன். ஸ்பூலின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தானே பிரேக் பிடிக்கும் ஷிமானோவின் டிசி வகை ரீல்களும் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 15 கிராமுக்குக் குறைந்த லூரைக் கச்சானுக்கு எதிரே வீசத்தான் வேண்டும் என்றால், வீசும்போது ஸ்பூல் சுழலாத ஸ்பின்னிங் ரீலை எடுத்துக்கொள்வதே நல்லது.