பெரிய டீசல் சிப்பர்: வெட்டு பிரமாதம், இன்ஜின் கூண்டு மோசம்
மரத்தைச் சிறு சில்லுகளாக நறுக்கும் மெஷின் இந்த சிப்பர். தடித்த அடிமரத்தைக் கொடுத்தாலும் தயங்காமல் விழுங்கிவிடுகிறது. வெட்டில் குறையே இல்லை. என் புகார் இன்ஜின் கூண்டைப் பற்றி.

பறக்கும் மரத்தூள் எல்லாம், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைச் சுற்றியும் புகைக்குழாய்க்கு அடியிலும் போய் அடைகிறது. கையை விட்டுத் துடைக்க இடமே கிடையாது. சுமை ஏறும்போது அந்தக் குழாய் பல நூறு டிகிரி சூடாகும். காய்ந்த தூள் கங்கு பிடிக்க அது தாராளம். எங்களுக்குப் புகை வந்தது மெஷினை நிறுத்திய பிறகுதான். விசிறி நின்றதும் சூடு உள்ளேயே தேங்கிவிடுகிறது. இப்போது சில நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டு அப்புறம்தான் அணைக்கிறேன். ஆறியதும் காற்றடித்துத் தூளை வெளியேற்றுவதும் தினசரி வேலையாகிவிட்டது.

அதைவிடக் கவலை, அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று டர்போவை ஒட்டியே போகிறது. ஊசித்துளை அளவு ஓட்டை போதும், எண்ணெய் சாரலாகத் தெறித்துத் தீப்பிடிக்க. யார் போட்ட டிசைனோ! வெப்பத்தடுப்பு உறையைத் தனியாக வாங்கி மாட்டினேன்.

கிரீஸ் வற்றிய பேரிங், வழுக்கும் பெல்ட், மழுங்கிய கத்தி இவையும் சூட்டைக் கூட்டும்தான். அது பராமரிப்பவர் பாடு, கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தீயணைப்பான் மாட்ட ஒரு கொக்கிகூடவா வைக்க முடியாது?

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் கத்திக்காக.