500 பிரதியா, 120 பிரதியா?

அப்பாவுக்கு ஜனவரியில் 80 நிறைந்தது. கோவில்பட்டி வட்டாரத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட நினைவுகளைக் குயர் நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். விழாவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு புத்தகத்தையும் போட்டுக் கொடுத்தால் என்ன என்று தங்கைக்குத் தோன்றியது. கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஐந்து வார விடுப்பில் டிசம்பர் நடுவில் வந்து இறங்கிய என் தலையில் அந்த வேலை விழுந்தது.

டிசம்பரில் தமிழ்நாட்டில் புத்தகம் அச்சடிக்கக் கிளம்புவது, தீபாவளிக்கு முதல் நாள் தையற்காரரிடம் துணியை நீட்டுவது மாதிரி. சென்னை அச்சகங்களை ஜனவரி புத்தகக் காட்சிக்காகப் பதிப்பகங்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். சிவகாசியிலோ காலண்டர். ஆடிப்பெருக்கன்று மாதிரிக் காலண்டர்களின் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடித்தவர்கள், மார்கழியில் கடைசிக் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இது எதுவும் தெரியாமல் நான் சாத்தூர் வழியாகச் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே, பிளேட் என்னும் தகடு செய்து அடிக்கும் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் முருகன், லட்சுமி படக் காலண்டர்களைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். உரிமையாளர் அண்ணாச்சி நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "ஐயா கையெழுத்து அச்சு மாதிரியே இருக்கிறதே, தம்பி. இதைக் கொண்டுவர மார்கழிதானா கிடைத்தது?" என்றவர், டீ வரவழைத்தார். பிறகு மேப்லித்தோ என்கிற புத்தகத் தாள் ஒன்றை எடுத்து நீளவாக்கில் கிழித்தார்; கோடு போட்டதுபோல் நேராகக் கிழிந்தது. அகலவாக்கில் கிழித்தார், கோணல்மாணலாகப் போனது. "நார் ஓடும் திசை இது. புத்தகத்தின் முதுகோடு இது ஒத்துப்போக வேண்டும். குறுக்கே போனால் பக்கம் படியாது, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும். யார் அச்சடித்தாலும் இதை மட்டும் கேளுங்கள்." எனக்கு வேலை கொடுக்க முடியாதவர் கற்றுக்கொடுத்த பாடம் அது. மதுரையில் அதுதான் கைகொடுத்தது.

முடியாது என்று அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் ஒருநாள் இடையில் நுழைத்துத் தருகிறேன், ஆனால் 500க்குக் குறைந்து வேண்டாம் என்றார். காரணம் எளிது. ஆஃப்செட்டில் பிளேட் போடும் செலவும், மை சீராகிற வரை வீணாகும் தாளும் நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடக்கூடப் பிரதிக்கு விலை இறங்கும். டெம்மி அளவு, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள், ஒரே நிற மை, வண்ண அட்டை: 500 பிரதிக்கு 34,000 ரூபாய், அதாவது பிரதிக்கு 68. ஆயிரம் என்றால் 52. இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அடித்து மடிக்கும் தொகுதி. கட்டுரைகள் 163 பக்கம் வந்திருந்தன. மூன்று பக்கத்தைக் குறைத்தால் பத்துப் பாரத்தில் கச்சிதமாக முடியும் என்றார் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அன்றிரவு தங்கையும் நானும் பட்டியல் போட்டோம். விழாவுக்கு வரும் வீடுகள் 75. பழைய மாணவர்கள் 25. கனடாவுக்கு 20. இழுத்துப் பிடித்தாலும் 120ஐத் தாண்டவில்லை. அலமாரியில் அதே அளவிலிருந்த ஒரு புத்தகத்தை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன்: 190 கிராம். 500 அடித்தால் மிஞ்சும் 380 பிரதிகள் 72 கிலோ. விமானத்தில் எனக்கு இருந்தது 23 கிலோ பெட்டி இரண்டு. ஆக அத்தனையும் பரணுக்குத்தான் போகும். சொந்தக் காசில் புத்தகம் போட்ட எத்தனையோ பேர் வீட்டுக் கட்டிலுக்கடியில் பிரிக்காத கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பிரதிக்கு 16 ரூபாய் மிச்சம் என்று 500ஐ ஆயிரமாக்கியவர்கள் அவர்கள்.

இடையில் ஒரு சுயபதிப்பு நிறுவனம் தொலைபேசியில் 'பேக்கேஜ்' விற்கப் பார்த்தது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித் தர மட்டும் தனிக் கட்டணமாம். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையத்தில் விண்ணப்பித்தால் இலவசமாகவே தருகிறது, கனடாவிலும் இலவசம்தான். கடையில் விற்காத, தாம்பூலப் பையில் போடும் புத்தகத்துக்கு அது தேவையே இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசியில் மதுரையில் ஒரு டிஜிட்டல் அச்சகம். பிளேட் கிடையாது, பாரக் கணக்கு கிடையாது. 164 பக்கமாக வைத்துக்கொள்ளலாம். பிரதிக்கு 110 ரூபாய், ஆக 13,200. ஒன்று அடித்தாலும் நூறு அடித்தாலும் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரே விலை. நூல் தையல் இல்லை, பசை பைண்டிங் மட்டும்தான். எழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் டோனர் என்னும் பொடி மை லேசாக மினுங்குகிறது. ஆஃப்செட் மையின் அமைதி இதில் வராது. மாதிரிப் பிரதியை விரித்து மேசையில் வைத்தேன். எலிப்பொறி மாதிரி மூடிக்கொண்டது. தாளைத் திருப்பிப் போடச் சொன்னேன். நிர்வாகி என்னை வேறு மாதிரி பார்த்தார். அடுத்த மாதிரி சொன்னபடி படிந்தது.

உண்மையான தொல்லை எழுத்துருவில் வந்தது. கணினியில் தட்டச்சு செய்து தரும் உள்ளூர் டிடிபி கடைக்காரர் பழைய எழுத்துருவில் தட்டிக் கொடுத்திருந்ததை மதுரையில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றினார்கள். மெய்ப்பு பார்த்த அப்பா சிவப்பு மையால் பக்கமெங்கும் வட்டம் போட்டார். ஒரு வரியின் கடைசியில் 'கெ', அடுத்த வரியின் தொடக்கத்தில் 'ளரவம்'. பழைய எழுத்துருவில் 'கௌ' என்பதைக் 'கெ'யும் 'ள'வுமாகத் தட்டுவார்கள். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு அது இரண்டு எழுத்து. "கௌரவத்தை இரண்டாகப் பிளந்திருக்கிறார்களே" என்றார் அப்பா, சிரிக்காமல். அச்சகத்துப் பையன் சலித்துக்கொள்ளவில்லை. கோப்பு முழுவதும் ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன் சார் என்று மறுநாளே சொன்னான். விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. இன்னொரு மெய்ப்பு கேட்காமல் அடிக்கச் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது.

விழாவுக்கு முந்தின நாள் மாலை கட்டுகள் வந்தன. அப்பா முதல் பிரதியை முகர்ந்து பார்த்தார், அட்டையைத் தடவினார், படிக்க உட்கார்ந்தார். 43ஆம் பக்கத்தில் நின்றார். கண்மாயில் பையன்களோடு கெளுத்தி மீன் பிடித்த கதை அது. அந்த ஒரே கட்டளை கெளுத்தியையும் விட்டுவைக்கவில்லை: 'கௌ' என்று அச்சாகி, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தில் உகரக் கொக்கி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சமையற்காரர்கள் முற்றத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கறுப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு 120 பிரதியிலும் 43ஆம் பக்கத்தைத் திருத்தினார். நான் பிரித்துக் கொடுத்தேன், தங்கை மை உலர ஊதி அடுக்கினாள். இரவு பதினொன்றரை ஆனது.

விழாவில் புத்தகம் போதவில்லை. இன்னும் 25 பிரதி வேண்டும் என்று மதுரைக்குத் தொலைபேசினேன். திருத்திய கோப்பை அனுப்பினால் நான்கு நாளில் தருவதாகச் சொன்னார்கள். அப்பா தடுத்துவிட்டார். 112ஆம் பக்கம் வரைதான் பார்த்திருக்கிறாராம்.