விஎம்மின் கடிகாரம் பின்தங்கினால் முதலில் ஹோஸ்ட்டைப் பாருங்கள்: "தனி கோர்" வாங்கி ஏமாந்த கதை

விர்ச்சுவல் மெஷின் (விஎம், அதாவது ஒரு பெரிய இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கணினி) வாடகைக்கு எடுத்து அதில் டேட்டாபேஸோ, ஓடிபி சரிபார்ப்போ ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாமலே இதே கோளாறை உங்கள் சர்வரிலும் நீங்கள் கண்டுபிடித்துவிட முடியும், அதற்குத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"தனி கோர், வேறு யாரோடும் பகிர்வதில்லை" என்று எழுத்தில் கொடுத்துத்தான் விற்றார்கள் (கோர் என்பது பிராசஸருக்குள் தனியாகக் கணக்கிடும் ஒரு பகுதி). கேவிஎம் ஹைப்பர்வைசர் (ஒரே இயந்திரத்தில் பல விஎம்களை ஓட்டும் மென்பொருள்), அதன் மேல் எங்கள் லினக்ஸ். அந்த இயந்திரம் ஹோஸ்ட், அதன் மேல் ஓடும் விஎம் கெஸ்ட். ரொம்ப நாள் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் பயனாளர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வர ஆரம்பித்தது: ஆப்பில் தெரியும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்துச் சரியாகத்தான் அடிக்கிறோம், தவறான எண் என்கிறது, கொஞ்ச நேரம் விட்டு அடித்தால் ஏற்றுக்கொள்கிறது.

நேரத்தை வைத்து உருவாகும் அந்த எண் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். வழியில் ஆகும் தாமதத்துக்காக, சற்று முன் காலாவதியான எண்ணையும் எங்கள் சர்வர் ஏற்றுக்கொள்ளும். இனி வரப்போகும் எண்ணை ஏற்காது. சர்வரின் கடிகாரம் பத்துப் பதினைந்து வினாடி பின்தங்கிவிட்டால் என்ன ஆகும்? பயனாளரின் கையில் இருப்பது சரியான எண்தான், ஆனால் சர்வரின் கணக்குப்படி அது இன்னும் பிறக்கவே இல்லை.

இதைவிடக் கொடுமை டேட்டாபேஸில் நடந்தது. அந்த விஎம்மில் இருந்த தரவுக்கு வேறோர் இடத்தில் ஒரு பிரதி உண்டு. ஒரே பதிவை இரண்டு பக்கமும் திருத்தினால், எதன் நேர முத்திரை பிந்தியதோ அதுவே நிற்கும். விஎம்மின் கடிகாரம் பின்தங்கியிருந்ததால், அங்கே கடைசியாகச் செய்த திருத்தம் பழையது என்று கணக்காகி ஓசையில்லாமல் காணாமல் போனது. எங்கும் பிழைச் செய்தி இல்லை. பயனாளர் சரிசெய்து வைத்த விவரம், மறுநாள் பார்த்தால் சரிசெய்வதற்கு முன்பிருந்தபடியே இருக்கும். இதைக் கேட்டு ஒருவர் கோபப்பட்டால் அவரிடம் நாம் என்ன சொல்வது?

சப்போர்ட்டில் டிக்கெட் போட்டோம். முதல் பதில்: "உங்கள் விஎம்முக்குள் என்டிபி போட்டுக்கொள்ளுங்கள்." என்டிபி என்பது நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் முறை. அதைச் செய்யும் க்ரோனி என்ற நிரல் முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதன் லாக்கோடு (பதிவேட்டோடு) எழுதினோம். அடுத்த பதிலில் ஹோஸ்ட்டின் கடிகாரம் சரியாக ஓடுவதைக் காட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட். ஹோஸ்ட்டின் கடிகாரம் தப்பு என்று நாங்கள் சொல்லவே இல்லையே! ஹோஸ்ட்டின் நேரம் துல்லியமாக இருக்கும்போதே அதன் மேல் ஓடும் கெஸ்ட்டின் நேரம் கெட்டுப்போக முடியும். இந்த இடத்தில்தான் விவரம் தெரியாதவர்களை எளிதாக மடக்கிவிடுகிறார்கள்.

ஒரு விஎம் நேரத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். பழைய காலத்து இயங்குதளங்கள் டைமரிலிருந்து வினாடிக்கு இத்தனை இன்டரப்ட் (பிராசஸரைத் தட்டிக் கூப்பிடும் சமிக்ஞை) வேண்டும் என்று கேட்டு, வருவதை எண்ணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போயின. லினக்ஸ் 2.4-ல் வழக்கமாக வினாடிக்கு 100, 2.6-ன் தொடக்கத்தில் 1000. சொந்த இயந்திரத்தில் இது சரிப்பட்டு வரும். விஎம்மின் பிராசஸர் என்பதோ ஹோஸ்ட்டைப் பொறுத்தவரை ஒரு திரெட் (முறை வரும்போது ஓடும் ஒரு வேலை), அவ்வளவுதான். ஹோஸ்ட் வேறொரு விஎம்மை ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நம்முடையதற்கு இன்டரப்ட் போய்ச் சேராது. சேராததை ஹைப்பர்வைசர் சேர்த்துவைத்து அப்புறம் மளமளவென்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் போனது போனதுதான்.

அதனால் இப்போது எண்ணுவதில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கவுன்ட்டரைப் படிக்கிறார்கள். அதில் முக்கியமானது டிஎஸ்சி, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கவுன்ட்டர், 1993-ல் பென்டியம் பிராசஸரோடு வந்தது. படிப்பதற்கு மிக வேகமானது. ஆனால் அது எண்ணிக்கையைத்தான் தரும். அதை வினாடியாக்க, இந்தப் பிராசஸரில் வினாடிக்கு எத்தனை எண்ணிக்கை என்பது கெஸ்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூட் ஆகும்போது அளந்து வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை அப்படியே வேறு வேகமுள்ள ஹோஸ்ட்டுக்கு மாற்றினால் அந்த அளவு பொய்யாகிவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. டிஎஸ்சியின் வேகத்தைக் கெஸ்ட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டும் வசதி புதிய பிராசஸர்களில் உண்டு. அது இல்லாத இடத்திலும் கேவிஎம்-கிளாக் இருக்கிறது. ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் பகிர்ந்துகொள்ளும் ஒரு நினைவகப் பக்கத்தில், இந்தக் கணத்தில் டிஎஸ்சி இவ்வளவு, நேரம் இத்தனை நானோவினாடி, எண்ணிக்கையை நேரமாக்க இந்தப் பெருக்கெண் என்று ஹோஸ்ட் எழுதி வைக்கும். கூடவே ஒரு பதிப்பெண்ணும் இருக்கும். ஹோஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது அது ஒற்றைப்படையில் இருக்கும், அதைப் பார்த்தால் கெஸ்ட் மறுபடி படித்துக்கொள்ளும். விஎம் இடம் மாறினால் புதிய ஹோஸ்ட் புதிய பெருக்கெண்ணை எழுதிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. ஹைப்பர்-வி, ஜென் என்ற மற்ற இரண்டு ஹைப்பர்வைசர்களிலும் இதே வகையில் ஒரு ஏற்பாடு உண்டு.

எங்கள் விஎம்மில் எந்தெந்தக் கடிகார மூலங்கள் கிடைக்கின்றன என்று, லினக்ஸ் தன் உள்விவரங்களைக் காட்டும் சிஸ் கோப்புமுறையில் பார்த்தோம். இருந்தவை இரண்டே: டிஎஸ்சி, ஏசிபிஐ பிஎம் டைமர் (பிராசஸருக்கு வெளியே இருக்கும் ஒரு கவுன்ட்டர்). கேவிஎம்-கிளாக்கையே காணோம். கேவிஎம் மேல் ஓடும் விஎம்முக்கு அதை அணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு "எல்லோருக்கும் பொதுவான டெம்ப்ளேட்" என்ற ஒரு வரிதான் பதில்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் லாக்கில் அடுத்த தடயம் கிடைத்தது. டிஎஸ்சி நிலையாக இல்லை, விலகல் மிக அதிகம், இனி இதை நம்ப மாட்டேன் என்று கர்னல் ஒரு வரி எழுதிவிட்டு, ஏசிபிஐ பிஎம் டைமருக்கு மாறியிருந்தது. புகார்கள் தொடங்கியதும் அந்த நாளிலிருந்துதான். ரீபூட் செய்து பார்த்தால் பிராசஸரின் பெயரே வேறு. பழைய பூட் லாக்கில் 2593 மெகாஹெர்ட்ஸ், புதியதில் 2394. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விஎம்மை மெதுவான ஒரு பழைய இயந்திரத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். வேகம் பொருந்தவில்லை, மாற்றிக் காட்டும் வசதியும் இல்லை என்றால் கியூஇஎம்யு (கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் நிரல்) ஹோஸ்ட் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை எழுதும். நகர்த்துவதை மட்டும் நிறுத்தாது. அந்த லாக்கைக் கேட்டோம். "உள் ஆவணம், தர முடியாது" என்று கையை விரித்தார்கள்.

இனி அந்த ஏசிபிஐ பிஎம் டைமரைப் பற்றி. அது வினாடிக்கு 35,79,545 முறை எண்ணும். எங்களுக்குக் கிடைத்தது 24 பிட் கவுன்ட்டர். அதாவது சுமார் 4.69 வினாடிக்கு ஒருமுறை நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கர்னல் அதற்குள் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். விஎம்முக்கு அதைவிட நீண்ட நேரம் பிராசஸர் கிடைக்காமல் போனால், நடுவில் ஒரு சுற்று முடிந்தது கர்னலுக்குத் தெரியவே தெரியாது. அந்த 4.69 வினாடி அதன் வாழ்க்கையிலிருந்தே கழிந்துவிடும்.

க்ரோனியின் லாக்கை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பின்தங்கல்கள் கன்னாபின்னா எண்களாக இல்லை. 4.69, 9.37, 14.06. எல்லாம் ஒரே எண்ணின் மடங்குகள்! பயன்பாட்டுப் பிழையோ என்டிபி பிழையோ இப்படி மடங்கு மடங்காக வராது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று முழுதாக முடியும் வரை எங்கள் விஎம் மூச்சில்லாமல் கிடந்திருக்கிறது. ஸ்னாப்ஷாட்டுக்காக (விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைப்பதற்காக) ஹைப்பர்வைசரே முறைப்படி நிறுத்தியிருந்தால், நிறுத்திய நேரம் எவ்வளவோ அவ்வளவுதான் குறையும், மடங்காக வராது. இது ஹோஸ்ட் மூச்சுத்திணறியதன் தடம்.

"தனி கோர்" என்று சொன்ன இடத்தில் அது எப்படி நடக்கும்? இயந்திரத்தின் சுமையைக் காட்டும் டாப் கமாண்டில் எஸ்டி என்று ஒரு பத்தி இருக்கும். ஸ்டீல் நேரம், அதாவது ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் நம்மை ஓடவிடாமல் காக்கவைத்த பங்கு. உண்மையிலேயே தனி கோர் என்றால் அது பூஜ்யத்தை ஒட்டியே கிடக்க வேண்டும். எங்களுக்கு மாலை வேளைகளில் 20 சதவீதத்துக்கு மேல் போனது. ஒரே கோரைப் பலருக்கு விற்றிருக்கிறார்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து, பத்து வினாடி மொத்தமாக நின்றதற்கு வெறும் பிராசஸர் பகிர்வு போதாது. நினைவகத்தையும் அளவுக்கு மீறி விற்று, ஹோஸ்ட் நினைவகத்தில் இடமில்லாமல் தரவை வட்டுக்கு மாற்றி மாற்றி (ஸ்வாப்) ஓட்டிக்கொண்டிருந்தது என்பது என் கணிப்பு. அந்த வகைக் காத்திருப்பு ஸ்டீல் கணக்கில் வராது. ஸ்டீல் எண்ணைக் கொடுப்பதே ஹைப்பர்வைசர்தான், நினைத்தால் அதையும் அணைத்துவைக்கலாம். ஆகவே அங்கே பூஜ்யத்தைப் பார்த்தவுடன் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

இந்த டைமரால் இன்னொரு நஷ்டமும் உண்டு. டிஎஸ்சியோ கேவிஎம்-கிளாக்கோ இருந்தால், கர்னலுக்குள் நுழையாமலே ஒரு நிரல் நேரத்தைப் படித்துவிடும். ஏசிபிஐ டைமர் என்றால் ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய், அங்கிருந்து விஎம்மை விட்டு ஹைப்பர்வைசருக்கே போய்த் திரும்ப வேண்டும். டேட்டாபேஸ் ஒவ்வொரு வினவலுக்கும் பலமுறை நேரம் கேட்கும். எங்கள் வினவல்கள் திடீரென்று மந்தமானதன் காரணமும் இதுதான். அதற்கு அவர்கள் சொன்ன வைத்தியம், பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்பது!

"என்டிபி போட்டால் சரியாகிவிடும்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். க்ரோனி நிலையாக ஓடத் தொடங்கிய பிறகு, வெளி சர்வரை 1024 வினாடிக்கு ஒருமுறை வரை இடைவெளி விட்டுத்தான் கேட்கும். நடுவில் 14 வினாடி தொலைந்தால் அடுத்துக் கேட்கும்வரை அதற்குத் தெரியாது. தெரிந்த பிறகும், வழக்கமான அமைப்பில், தொடக்கத்தில் சில முறை தவிர மற்ற நேரங்களில் கடிகாரத்தைத் தூக்கிவைக்காது. மெல்ல ஓட்டித்தான் சரிசெய்யும். பழைய என்டிபி நிரலோ மெல்ல ஓட்டும்போது பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் வேகம் மாற்றாது. ஒரு வினாடியைச் சரிக்கட்டவே 2000 வினாடி ஆகும். "கொஞ்ச நேரம் கழித்து அடித்தால் ஏற்கிறது" என்று பயனாளர்கள் சொன்னதற்குக் காரணம், அந்தக் கொஞ்ச நேரத்தில் பின்தங்கிய கடிகாரமும் அந்த எண்ணின் நேரத்தை எட்டிவிடுவதுதான்.

கடைசியாக அவர்கள் தங்கள் ஏஜென்ட் என்ற சிறு நிரலை விஎம்மில் போடச் சொன்னார்கள். அது ஹோஸ்ட்டின் நேரத்தை அவ்வப்போது கெஸ்ட்டில் திணிக்கும். ஒரு பக்கம் க்ரோனி மெல்ல இழுக்க, மறுபக்கம் ஏஜென்ட் தூக்கிப் போட, கடிகாரம் முன்னும் பின்னும் குதித்தது. இரண்டு பேர் கையில் ஒரே ஸ்டீயரிங்கைக் கொடுத்த மாதிரி. எந்த ஹைப்பர்வைசரானாலும் நேரத்துக்குப் பொறுப்பு ஒரே ஒரு நிரலிடம் இருக்கட்டும். விஎம்வேர் ஹைப்பர்வைசரில் இதற்கென்று தனிக் கவனம் தேவை: அவ்வப்போது நேரம் ஒத்திசைப்பதை அணைத்திருந்தாலும், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போதும் வேறு சில தருணங்களிலும் கெஸ்ட்டுக்குள் போடும் அதன் டூல்ஸ் நிரல் தானாகவே நேரத்தைச் சரிசெய்யும்.

விஎம் வாங்கியவுடன், பணம் திரும்பக் கிடைக்கும் அவகாசம் முடிவதற்குள், கிடைக்கும் கடிகார மூலங்களைப் பாருங்கள். கேவிஎம் என்று சொல்லி விற்றுவிட்டுக் கேவிஎம்-கிளாக்கைத் தராதவர்களிடம் காரணம் கேளுங்கள், திருப்தியான பதில் வராவிட்டால் அன்றே விலகிவிடுங்கள். ஸ்டீல் நேரத்தை நெரிசலான வேளையில் பாருங்கள். லினக்ஸ் 4.11-லிருந்து, ஹோஸ்ட்டின் கடிகாரத்தைக் கெஸ்ட் நேரடியாகப் படிக்க பிடிபி (துல்லிய நேர நெறிமுறை) சாதனம் ஒன்று உண்டு. க்ரோனிக்கு அதையே மூலமாகக் கொடுக்கலாம், நெட்வொர்க் தாமதம் இடையில் வராது. அது கிடைக்குமா என்று கேளுங்கள். விஎம்மை நகர்த்தும் முன் சொல்வீர்களா என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் சர்வர் உயிரோடு இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம் இருந்தது, கடிகாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "பிங்குக்குப் (சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனைக்கு) பதில் வந்ததல்லவா, எங்கள் கடமை முடிந்தது" என்று அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்திருக்கிறார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டிருந்தால், ரீபூட் செய்யும் முன் கர்னல் லாக்கை எடுத்து வெளியே ஓரிடத்தில் வையுங்கள். டிஎஸ்சி கைவிடப்பட்ட அந்த வரி அதில்தான் இருக்கும். க்ரோனியின் பின்தொடர் (tracking) லாக்கையும் பதிவாகும்படி வையுங்கள். நேர வித்தியாசத்தை அந்த விஎம்முக்குள்ளிருந்து மட்டும் அளக்காமல், நம்பகமான வேறோர் இயந்திரத்திலிருந்தும் தொடர்ந்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேல்முறையீட்டில் அவர்களால் இதுவரை மறுக்க முடியாமல் இருப்பது அந்த வெளி அளவீட்டை மட்டும்தான்.