உண்ணிக்கு எது சரி: சொட்டு மருந்தா, பெல்ட்டா, மாத்திரையா?

மதுரை வெயிலில் உண்ணிக்கு ஓய்வுக்காலமே கிடையாது. நம் நாய்களிடம் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் மருந்தின் விலையைப் பார்ப்பதற்கு முன், நாய் எங்கே படுக்கிறது என்று பாருங்கள்.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைப் பிடரியில் முடியை விலக்கித் தோலில் ஊற்ற வேண்டும். மாதம் ஒரு முறை. தெள்ளுப்பூச்சிக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. சித்திரை வெயிலில் அடிக்கடி குளிக்கும் நாய்க்கும், கண்மாயில் இறங்கும் நாய்க்கும் இது ஒத்துவராது. மாடி வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்குப் போதும்.

பெல்ட்டில் இரண்டு ரகம் உண்டு. ஃப்ளுமெத்ரின், இமிடாகுளோபிரிட் கலந்தது எட்டு மாதம் வரை காக்கும். வாங்கும்போது கை கடிக்கும், மாதக் கணக்கில் பார்த்தால் மலிவு. கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். விலை குறைவு என்று கிடைக்கும் வாசனை பெல்ட்டை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். கூட்டமாக விளையாடும் நாய்கள் ஒன்றின் பெல்ட்டை இன்னொன்று கடித்துவிடும், அதையும் யோசியுங்கள்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் ஆட்டுத் தொழுவத்தோடு வாழும் நாய்க்கு என் ஓட்டு மாத்திரைக்குத்தான். ஃப்ளுரலானர் மூன்று மாதம், அஃபாக்ஸோலானர் ஒரு மாதம் தாங்கும். குளித்தாலும் கரையாது, மழையில் நனைந்தாலும் கவலையில்லை. ஃப்ளுரலானரைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மருந்து இரத்தத்தில் இருப்பதால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும். "மாத்திரை கொடுத்தும் உண்ணி தெரியுதே" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; இந்த வகை மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருக்கிறது.

அமிட்ராஸ் கரைசலில் குளிப்பாட்டுவது இருப்பதிலேயே மலிவு, பலனும் உண்டு. ஆனால் அளவு தவறினால் ஆபத்து. காயும்வரை நக்க விடக்கூடாது, சின்னக் குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம். மாட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தை நாய் மேல் ஊற்றும் பழக்கம் கிராமத்தில் இருக்கிறது; அதை விட்டுவிட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அமிட்ராஸையும் பெர்மெத்ரினையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு பூனையைக் கொன்றுவிடும்.

வேப்பெண்ணெய், மஞ்சள்? கொஞ்சம் விரட்டும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். ராஜபாளையம் நாயின் வெள்ளை முடியில் உண்ணி பளிச்சென்று தெரியும். செவலை நாட்டு நாயிடம் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேட வேண்டும். பிடுங்கியதை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். எது கொடுத்தாலும் சுவர் வெடிப்பைப் பூசாமல் விட்டால் உண்ணி திரும்பி வந்துகொண்டே இருக்கும். நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டால் அதற்கு ஆகும் செலவில் பல மாதத்து மாத்திரை வாங்கலாம்.

குடற்புழு தனிக் கணக்கு. மேலே சொன்ன எதுவும் நாடாப்புழுவைத் தொடாது. அதற்குப் பிரசிகுவான்டெல் சேர்ந்த பூச்சி மாத்திரை வேண்டும். நாய் தெள்ளுப்பூச்சியை விழுங்கினாலே ஒரு வகை நாடாப்புழு தொற்றும், மலத்தில் அரிசி போல வந்து விழும். கறிக்கடைக் கழிவைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு இன்னொரு வகை நாடாப்புழு தொற்றும்; அதிலிருந்து மனிதருக்கே ஈரலில், நுரையீரலில் நீர்க்கட்டி வளரும் நோய் வரலாம், அதனால் வேகவைத்துப் போடுங்கள். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே புழுநீக்கம் தொடங்கும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எல்லாம் எடைக் கணக்குதான். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.