எண்ணெயில் ஊறாத திரி: வேப் கடை ஒன்றுக்கு இரண்டு முறை போனவனின் விமர்சனம்

கிழக்கு லண்டனில் எங்கள் ஓட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது வேப், அதாவது மின் சிகரெட், விற்கிற இந்தக் கடை. பெயர் போடவில்லை. முதல் தடவை அங்கே பட்ட பாட்டையும் சொல்லப்போகிறேன், அதனால்தான்.

நான் தோசை மாஸ்டர். 22 வருஷமாக சிகரெட், நாளுக்குப் பதினைந்து. 20 இருக்கிற பாக்கெட் இங்கே 15 பவுண்டைத் தாண்டிவிட்டது. வாரம் 80 பவுண்ட் வரை ஓட்டலின் பின்வாசலில் குப்பைத் தொட்டி ஓரமாக நின்று ஊதித் தள்ளிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி ஒரு நாள் அந்தக் கணக்கை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாள். சரி, வேப் வாங்கிப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

கல்லாவில் இருந்த பையன் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செங்கல் மாதிரி ஒரு மெஷினை எடுத்து வைத்தான், 55 பவுண்ட். கூடவே ஒரு பெரிய பாட்டில். நிகோடின் கலந்த திரவத்தை 10 மில்லிக்கு மேல் ஒரே பாட்டிலில் விற்கக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அதனால் நிகோடின் இல்லாத 50 மில்லியைப் பெரிய பாட்டிலில் கொடுத்து, மில்லிக்கு 18 மில்லிகிராம் பலமுள்ள 10 மில்லி குட்டி பாட்டில் ஒன்றை அதில் ஊற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். கலந்து முடித்தால் மில்லிக்கு 3 மில்லிகிராம் வரும். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்ததுதான்.

பின்வாசலில் முதல் இழுப்பு. இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல ஆவி. இருமல் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. இவ்வளவு புகை விட்டும் மனசு ஆறவில்லை. சாயங்காலமே பாக்கெட் வாங்கிவிட்டேன். மெஷின் மூன்று வாரம் அலமாரியில் தூங்கியது.

திருப்பிக் கொடுக்கலாம் என்று போன அன்று கல்லாவில் வேறொருவர், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. அவர் கேட்ட முதல் கேள்வி: "காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்?" காபிக்கு முன்னாலேயே, பத்து நிமிஷத்துக்குள் என்றேன். "அப்படியானால் மூன்றை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்களுக்கு இருபது வேண்டும்" என்றார். மில்லிக்கு 20 மில்லிகிராம்தான் இங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சம். சாதாரண நிகோடின் அந்த அளவில் தொண்டையை அறுக்கும். அமிலம் சேர்த்து உப்பாக்கிய நிகோடினை, நிக் சால்ட் என்பார்கள், அவ்வளவு பலத்திலும் உறுத்தலில்லாமல் இழுக்கலாம்.

மெஷினைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அதில் எனக்கு இன்னமும் வருத்தம். ஆனால் 22 பவுண்டுக்கு அவர் கொடுத்த பாட் கிட், அதாவது திரவம் ஊற்றுகிற சின்னக் குப்பி (அதுதான் பாட்) மாட்டிய குட்டி வேப், சட்டைப் பையில் பேனா போல உட்கார்ந்தது. பட்டன் கிடையாது, இழுத்தால் தானே வேலை செய்யும். இரண்டு மில்லி பிடிக்கும். சிகரெட் போலவே புகையை வாயில் வாங்கி அப்புறம் நெஞ்சுக்குள் விட வேண்டும். செங்கல் மெஷினில் நேராக நுரையீரலுக்கே இழுக்கச் சொல்வார்கள். பழைய புகைகாரனுக்கு அது பிடிபடாது.

திரவம் வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் 50/50 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பி.ஜி., வி.ஜி. இரண்டும் பாதிப் பாதி என்று அர்த்தம். பி.ஜி. என்கிற புரொப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது, தொண்டையில் சிகரெட் போன்ற பிடிப்பைத் தரும். வி.ஜி. என்கிற கிளிசரின் கெட்டி, புகை மண்டலம் அதனால்தான். கெட்டியானதைச் சின்ன பாட் குப்பியில் ஊற்றினால் உள்ளே இருக்கும் பஞ்சு அதை வேகமாக உறிஞ்சாது.

இனி அந்தப் பஞ்சுக்கு வருவோம். பாட் குப்பிக்குள் ஒரு கம்பிச் சுருள், அதைத் தொட்டுக்கொண்டு பஞ்சு. கம்பி சூடாகும்போது பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. அந்தம்மா திரவத்தை ஊற்றி, பாட் குப்பியை மேஜையில் வைத்து, பத்து நிமிஷம் தொடாதீர்கள் என்றார். வெளியே மழை, நானும் நின்றேன். அடுத்த வாரம் புது பாட் மாற்றினபோது அவசரம், ஆர்டர் வரிசையாகத் தொங்குகிறது. ஊற்றின உடனே இழுத்தேன். இஸ்திரிப் பெட்டியில் துணி கருகின வாசனை நேராகத் தொண்டையில் இறங்கியது. எண்ணெயில் ஊறாத திரியைக் கொளுத்தினால் என்ன ஆகும்? அதேதான். கருகின பஞ்சு திரும்பத் தேறாது, என்ன ஊற்றினாலும் அந்த ருசிதான் வரும். மூன்றரை பவுண்ட் பாட் குப்பைக்குப் போனது. குப்பை என்றால் தெருத் தொட்டி இல்லை. வேப் விற்கிற கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சமையல்காரனாகச் சொல்கிறேன். இனிப்புத் திரவங்கள் சுருளைச் சீக்கிரம் கெடுக்கின்றன. பாகு அடிப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மாம்பழம் என்று ஒன்று விற்கிறார்கள். மாம்பழ மிட்டாய்க்கு அது தூரத்துச் சொந்தம். எனக்கு மென்தால் போதும், பாட் இரண்டு வாரம் ஓடுகிறது.

சிகரெட் ஒரு கட்டத்தில் தானே தீர்ந்துபோகும். இது தீராது. அது தெரியாமல் முதல் நாள் அடுப்படியில் தொடர்ந்து இழுத்து, தலை சுற்றி, குமட்டிக்கொண்டு வந்து, மாவுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலைந்து இழுப்பு, அப்புறம் பைக்குள் போட்டுவிட வேண்டும்.

இதெல்லாம் ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவருக்கு. என் அக்கா மகனுக்கு வயது 19, சிகரெட் தொட்டதில்லை. "மாமா, அந்த மாம்பழத்தை ஒரு இழுப்பு" என்றான். கையை ஒடிப்பேன் என்றேன். இந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையும் வேப் சிகரெட்டைவிடக் கெடுதல் குறைந்தது, ஆனால் தீங்கில்லாதது கிடையாது, புகைக்காதவர்கள் தொடக்கூடாது என்றுதான் சொல்கிறது. 2019-ல் இங்கே 886 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் தரப்பில் 18 சதவீதம், தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டை, சூயிங்கம் தரப்பில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரு மடங்கு என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். நூற்றில் மீதி 82 பேரைப் பற்றிப் பேச மாட்டார்கள். வேப்பால் விட்டவர்களிலும் ஐந்தில் நாலு பேர் அப்போதும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பதினோரு மாதமாக சிகரெட் இல்லை, வேப் இருக்கிறது. நிகோடின் பலத்தில் இருபதிலிருந்து பத்துக்கு இறங்கியிருக்கிறேன்.

ஊருக்குப் போகிறவர்கள் இதை எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாவற்றுக்கும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். மதுரைக்குப் போன மூன்று வாரமும் நிகோடின் சூயிங்கம்மை வைத்துச் சமாளித்தேன்.

தூக்கி எறிகிற ரக வேப்புக்கு இங்கே 2025 ஜூன் 1 முதல் தடை. அதனால் கடைச் சுவரில் இருந்த கலர் கலர் குச்சிகள் போய், சார்ஜ் போடுகிற குச்சிகள் அதே கலரில் தொங்குகின்றன. அவற்றை விட்டுவிட்டு பாட் கிட்டைக் கேளுங்கள்.

கிட்டுக்கு ஐந்தில் நாலு. அடியில் கசிகிறது, தினமும் டிஷ்யூவால் துடைக்க வேண்டும். கடைக்கு அந்தப் பையன் இருந்தால் ஒன்றரை, அந்தம்மா இருந்தால் நாலரை. அவர் செவ்வாயும் வியாழனும் மத்தியானத்துக்கு மேல் வருவார்.