19/384 வந்த கதை: இயற்கணிதத்துக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக்கும் நான் வைத்திருக்கும் கருவிகள்

இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட ஒரு பீமின் (உத்தரத்தின்) மேல் சுமை சீராகப் பரவியிருந்தால், நடுவில் வரும் தொய்வின் கெழு, அதாவது சூத்திரத்தின் முன்னால் நிற்கும் எண், 5/384. கட்டமைப்புப் பொறியியல் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். என் குறிப்புகளில் ஒரு நாள் அந்த இடத்தில் 19/384 என்று நின்றது. கிட்டத்தட்ட நாலு மடங்கு. என்னோடு சேர்ந்து எழுதும் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, முன்னாடி சரியாத்தானே வந்துச்சு? நாமதான் எங்கேயோ கை வெச்சிருக்கோம்" என்றான். எங்கே, எப்போது என்பதைக் கண்டுபிடிக்க எட்டு ஓட்டம் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கருவிகளைப் பற்றி எனக்கு ஒரு தெளிவு வந்தது.

எண்களுக்குப் பதில் குறியீடுகளை வைத்தே கணக்குப் போடும் இயற்கணித மென்பொருளையும், கோப்பில் எப்போது என்ன மாறியது என்று தடம் வைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளையும் தனித்தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் அது. கணக்குப் போடும் கருவி தன் வேலையை வரி வரியாக, சாதாரண எழுத்தாகச் சேமிக்க வேண்டும். தடம் வைக்கும் கருவி அந்த வரிகளைப் பழைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுபோய், அங்கே மறுபடி ஓட்டிப் பார்க்க விட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் மூன்று வருடம் முந்தைய தருவிப்பை (சூத்திரத்தைப் படிப்படியாக வருவித்த கணக்கை) நம்பித் திறக்க முடிகிறது.

என் வேலையில் முக்கால்வாசி மேக்சிமா என்ற இயற்கணித மென்பொருளில்தான் நடக்கிறது. எம்ஐடியில் 1968-இல் தொடங்கிய மேக்சைமாவின் வாரிசு இது. நிலவில் மனிதன் கால் வைப்பதற்கும் முந்தைய வருடம்! வில்லியம் ஷெல்ட்டர் என்ற கணிதப் பேராசிரியர் 1982 முதல் இதைப் பராமரித்தார். 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி வாங்கி ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட்டார். 2001-இல் அவர் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. இத்தனை வயதான மென்பொருள் இன்றும் என் மடிக்கணினியில் ஒரு நொடியில் எழுந்து வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நன்றியுணர்வு வருகிறது.

அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். எக்ஸின் என்-ஆம் அடுக்கைத் தொகையிடச் சொல்லுங்கள். மேக்சிமா உடனே விடை தராது. 'என், -1-க்குச் சமமா?' என்று திருப்பிக் கேட்கும். இல்லை என்றால் அடுக்கில் ஒன்றைக் கூட்டி, அதே எண்ணால் வகுத்துத் தரும். ஆம் என்றால் மடக்கை. காகிதத்தில் போடும்போது நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி அது. ஆனால் கோப்பாக எழுதித் தானாக ஓட விடும்போது பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது. அதனால் நீளம் பூஜ்யத்தைவிடப் பெரியது என்பது போன்ற விஷயங்களைக் கோப்பின் தலையிலேயே 'அஸ்யூம்' கட்டளையில் எழுதிவிடுவது என் வழக்கம். இது ஆரம்பத்தில் தொல்லையாகத் தோன்றியது. இப்போது பழைய கோப்பைத் திறந்தால் என்னென்ன அனுமானத்தில் எழுதினேன் என்பது முதல் ஐந்து வரியிலேயே தெரிகிறது.

மேக்சிமாவுக்கு டபிள்யூஎக்ஸ்மேக்சிமா என்று ஒரு அழகான முகப்பு உண்டு. பழகுவதற்கு நல்லது, ஆனால் சேமிக்கும்போது கவனம் வேண்டும். அதன் டபிள்யூஎக்ஸ்எம்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் போட்டால், ஏதோ மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரியும், எந்த வரி என்று தெரியாது. முதல் நாலு மாதம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன், அந்த நாலு மாதத்து மாற்றங்களை இன்றும் படிக்க முடியவில்லை. டபிள்யூஎக்ஸ்எம் என்ற எளிய வடிவத்தில் சேமியுங்கள். இல்லாவிட்டால் என்னைப் போல நேரடியாக மேக் கோப்பாகவே எழுதிவிடுங்கள். இன்னொன்று: மேக்சிமா முனையத்தில் பின்னத்தை மேலும் கீழுமாக, நடுவில் கோடு போட்டு வரைந்து காட்டும். கண்ணுக்கு நன்றாக இருந்தாலும், இரண்டு விடைகளை வரிக்கு வரி ஒப்பிட உதவாது. 'டிஸ்ப்ளே2டி'-யை ஃபால்ஸ் என்று வைத்தால் எல்லாம் ஒரே வரியில் வரும்.

இன்னொரு இயற்கணித மென்பொருளான சிம்பை, முழுக்க பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. பைத்தான் தெரிந்தவர்களுக்குப் புதிதாக ஒரு மொழி கற்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. அந்த என்-ஆம் அடுக்குக் கணக்கை இதில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் இரண்டு நிலைக்கும் சேர்த்தே விடை தருகிறது. தானாக ஓடும் வேலைக்கு இதுவே ஏற்றது. ஆனால் ஒரு குழி இருக்கிறது. 5/384 என்று முதலில் எழுதி, அதைச் சுமையாலும் நீளத்தாலும் பெருக்கினால், சிம்பை பார்ப்பதற்கு முன்பே பைத்தான் அந்தப் பின்னத்தை வகுத்துவிடுகிறது, விடையில் 0.0130208333333333 என்று வந்து நிற்கும். பின்னம் போய்விட்டது. சுமையை முதலில் எழுதி, 5 பெருக்கி, கடைசியில் 384-ஆல் வகுத்தால் பின்னம் அப்படியே இருக்கும். 'ரேஷனல்' என்று சொல்லியும் எழுதலாம். மேக்சிமாவில் இந்தக் கவலையே இல்லை. அப்புறம், சிம்பையை ஜூபிடர் நோட்புக்கில் (நிரலையும் விடையையும் ஒன்றாக வைக்கும் கோப்பில்) எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உள்ளே ஓட்ட எண்ணும் வெளியீடும் மாறும். கணக்கு மாறாமலேயே கோப்பு மாறியதாகக் காட்டும். வெறும் பைத்தான் கோப்பு போதும்.

எக்ஸ்காஸ் என்ற இயற்கணித மென்பொருள் வேகமானது. அதன் உள்ளே இருந்து கணக்குப் போடும் ஜியாக், பெர்னார் பாரிஸ் எழுதியது. எச்பி பிரைம் கால்குலேட்டருக்குள்ளும் ஜியோஜீப்ராவுக்குள்ளும் இருப்பது அதுதான். கையில் கால்குலேட்டரோடு பழகியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நீண்ட தருவிப்பு எழுத எனக்கு ஒத்துவரவில்லை. பிசி (bc) என்ற முனையக் கால்குலேட்டரையும் சிலர் சொல்வார்கள். அது எண் கணக்குக்கு மட்டும்தான், அதிலும் ஸ்கேல் (எத்தனை தசம இடம் என்று) சொல்லாமல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்று தரும்.

சரி, அந்த 19/384-க்கு வருகிறேன். எங்கள் ரெப்போவில் (கிட் தடம் வைக்கும் கோப்புறையில்) அப்போது 213 கமிட்கள், அதாவது பதிவு செய்த மாற்றங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நடக்காத காரியம். கிட்டில் பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது: சரியாக இருந்த ஒரு நாளையும் தவறாக இருக்கும் இன்றையும் சொன்னால், நடுவில் உள்ள கமிட்டுக்குப் போகும், அங்கே சரியா தவறா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிடும். பிறகு மீதியில் பாதி. இப்படி 213-ஐ எட்டு ஓட்டத்துக்குள் ஒன்றாகக் குறைத்துவிடலாம். 'பைசெக்ட் ரன்' என்று ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்தால் நாம் உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை. என் ஸ்கிரிப்ட் மேக்சிமாவை ஓட்டி, வந்த தொய்வைப் புத்தகத்தில் உள்ள தொய்வால் வகுக்கும். 1 வந்தால் சரி என்று 0-வோடு முடியும், வேறு எது வந்தாலும் 1-ஓடு முடியும். தவறான கமிட்களில் எல்லாம் 19/5 வந்தது. எட்டாவது ஓட்டத்தில், 'குறிமரபைச் சீராக்கியது' என்று நானே தலைப்பிட்ட கமிட்டில் வந்து நின்றது. கீழ்நோக்கியதை நேர்க்குறியாக வைத்திருந்ததை மேல்நோக்கி மாற்றிய நாள். வளைவுத் திருப்புத்திறனில் (சுமை பீமை வளைக்கும் அளவைத் தரும் கோவையில்) இரண்டு உறுப்புகள். இரண்டாவது உறுப்பின் கழித்தல் குறி கூட்டலாகி இருந்தது. ஒரே ஒரு எழுத்து. மாற்றத்தைச் சொல் சொல்லாகக் காட்டும் 'வேர்ட்-டிஃப்' போட்டுப் பார்த்தபோது அந்தக் குறி மட்டும் நிறம் மாறித் தெரிந்ததை நான் மறக்க மாட்டேன்.

அதனால் கிட் குறையில்லாதது என்று ஆகாது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அந்தப் பிறப்பின் அடையாளம் கட்டளைகளில் இன்றும் இருக்கிறது. செக்அவுட் என்ற ஒரே கட்டளை கிளையும் (தனியாக ஓடும் கமிட் வரிசை) மாற்றும், நீங்கள் எழுதியதை அழித்துப் பழையதையும் கொண்டுவரும். 2019-இல் 2.23 பதிப்பில் இவற்றை ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று பிரித்தார்கள். புதிதாகக் கற்பவர்கள் அந்த இரண்டை மட்டும் கற்றால் போதும். கமிட் செய்யாத வேலையை 'ரீசெட் ஹார்ட்' அழித்துவிட்டால் கிட்டாலும் பெரும்பாலும் மீட்டுத் தர முடியாது என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கிட்டுக்கு முன்பு நான் மெர்குரியல் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்தேன். அதே 2005 ஏப்ரலில் பிறந்தது. கமிட்களுக்கு 0, 1, 2 என்று உள்ளூர் வரிசை எண் தருவது, வெளியே அனுப்பிய வரலாற்றைத் தெரியாமல் திருத்திவிடாமல் காப்பது, படித்தால் புரியும் உதவிப் பக்கங்கள் எல்லாமே எனக்குப் பிடித்தவை. பைசெக்ட்டும் உண்டு. கருவியில் குறை கண்டு நான் விலகவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டுக்குப் போனார்கள்; ஃபயர்பாக்ஸின் மூலநிரலே 2025-இல் கிட்டுக்கு மாறிவிட்டது. தனியாக எழுதுகிறவர் என்றால் இன்றும் தயங்காமல் மெர்குரியலை எடுக்கலாம்.

ஃபாசில் இன்னும் அதிகம் பேர் பார்க்க வேண்டிய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிய ரிச்சர்ட் ஹிப்பின் வேலை. எஸ்கியூலைட்டின் நிரலே ஃபாசிலில்தான் இருக்கிறது. ஃபாசில் என்ற நிரல் ஒரே கோப்பு, ரெப்போவும் ஒரே கோப்பு. 'ஃபாசில் யுஐ' என்று தட்டினால் உலாவியில் காலவரிசை, விக்கி, பிழைச்சீட்டு எல்லாம் திறக்கும். தருவிப்பு எழுதும்போது, ஏன் இந்த அனுமானம் என்ற விளக்கத்தை அதே பெட்டிக்குள் விக்கியாக வைக்க முடிவது பெரிய விஷயம். வரலாற்றை மாற்றி எழுத ரீபேஸ் கிடையாது, வேண்டுமென்றே வைக்கவில்லை. கணக்குக் குறிப்புக்கு அதுவே சரி என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு மேக்சிமாவும் கிட்டும். விடையை இன்னொரு வழியில் சரிபார்க்க சிம்பை. ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் ஒரு ப்ரீ-கமிட் ஹூக் (தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஓடி, நமக்குத் தெரிந்த 41 விடைகளைச் சரிபார்க்கிறது. முதலாவது 5/384. ரெப்போவைக் க்ளோன் செய்தால் (வேறு கணினிக்கு நகலெடுத்தால்) ஹூக் கூடவே வராது என்பது கிட்டின் வழக்கம். அதனால் ஹூக்கை ரெப்போவுக்குள்ளேயே ஒரு கோப்புறையில் வைத்து, 'கோர் ஹூக்ஸ்பாத்' அமைப்பில் அதைக் காட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் ஒரு முறை ஒரே ஒரு வரி. தம்பியின் கணினியில் அந்த வரியை நேற்றுதான் போட்டுக்கொடுத்தேன்.