ஆன்லைன் போக்கர்: திரையில் ஓடும் எண்களா, கூர்ந்த கவனமா?

போக்கரில் தேற இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, எதிராளியின் பெயருக்குப் பக்கத்திலேயே அவருடைய புள்ளிவிவரங்களைக் காட்டும் ஹட் மென்பொருள். இன்னொன்று, ஒரே நேரத்தில் ஆடும் மேஜைகளைக் குறைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கவனிப்பது.

எண்கள் வீண் இல்லை. விபிப் (எத்தனை சதவீதக் கைகளில், அதாவது சீட்டுச் சுற்றுகளில், தானாகப் பணம் போடுகிறார்) 45, பிஎஃப்ஆர் (பொதுச் சீட்டுகள் விழும் முன்பே எத்தனை சதவீதக் கைகளில் ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறார்) 6 என்றால், கண்ட கையிலும் பணம் போடுகிறார், ரெய்ஸ் செய்வது அபூர்வம் என்று உடனே புரிந்துவிடும். எட்டு மேஜையில் ஆடுபவருக்கு அது பெரிய துணை. ஆனால் 30 கைகளில் கிடைத்த எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு விழுந்த பிறகு) எவ்வளவு ஃபோல்ட் செய்கிறார் (கையை விட்டுக்கொடுக்கிறார்) என்பதற்கெல்லாம் இன்னும் நிறைய கைகள் வேண்டும். தவிர, ஜிஜிபோக்கர் என்ற ஆன்லைன் தளத்தில் வெளி ஹட்டுக்கு அனுமதியே இல்லை.

கவனம் பிடிப்பது வேறு. சற்றுமுன் ஒரு பெரிய பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை) இழந்தவர், அடுத்தடுத்த கைகளில் யோசிக்காமல் ரெய்ஸ் செய்கிறார். அவருடைய சராசரி எண் இதைக் காட்டாது, பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். நார்வேயின் அன்னெட் ஒப்ரெஸ்டாட் 180 பேர் ஆடிய ஆன்லைன் போட்டி ஒன்றைத் தன் சீட்டுகளை மறைத்துவைத்தே ஜெயித்தார். ஒரே ஒரு முறைதான் எடுத்துப் பார்த்தாராம். இருக்கையின் வரிசை, பந்தயத்தின் அளவு, எதிராளி எடுக்கும் நேரம், இவற்றிலேயே அவ்வளவு செய்தி இருக்கிறது!

கற்றுக்கொள்பவருக்கு நான் கவனத்தைத்தான் சொல்வேன். ஹட்டை அணைத்துவிட்டு இரண்டே மேஜை. ஷோடவுனில் (கடைசியில் சீட்டுகளைக் காட்டும்போது) தெரிந்த எதிராளியின் சீட்டை வைத்து, அவர் ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்தபோது) ஏன் பாதி பாட் கட்டினார் என்று பின்னோக்கி யோசியுங்கள். எண்களை அப்புறம், ஆட்டம் முடிந்த பிறகு, உங்கள் சொந்தக் கைகளை அலசப் பயன்படுத்தலாம்.